பலகையில் பாபு, சுவரில் ஆறுமுகம்

புதிதாக வந்திருக்கும் கண்ணுங்களா, டீச்சர் வேலையைப் பற்றி உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் யாருக்கும் பாடம் நடத்தியவள் இல்லை. என்மேல் பாடம் நடத்திப் பழகினார்கள், அதுதான் என் உத்தியோகம். நான் பேசப் பேச உங்களில் ஒருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். சரியாக எழுதுகிறாளா என்று பார்க்க எனக்கு வழியில்லை. முகத்தைப் பார்த்தால் நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறது.

தொண்ணூறுகளில் நம் ஆபீஸ் ஜோகுபாளையத்தில் ஒரு மாடி அறை. கூட்டிப் பெருக்கி டீ போட என்னை வைத்திருந்தார்கள். முதியோர் கல்வி மையங்களுக்கு டீச்சராகப் போகிற பெண்களுக்கு அங்கேதான் பயிற்சி. பயிற்சி கொடுத்தவரைப் பெரிய டீச்சர் என்று கூப்பிடுவோம். அவர் பேரை இங்கே சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. ஒரு நாள் அவர், "நீங்களே டீச்சர், நீங்களே ஸ்டூடண்ட்னு நடிச்சா ஒண்ணும் வராது. நெஜமாவே எழுத்து தெரியாதவங்க ஒருத்தர் வேணும்" என்றார். எல்லோரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். நான் டீ டம்ளர் தட்டோடு நின்றிருந்தேன். அன்றைக்கே பதவி உயர்வு. டீ போடுவது நிற்கவில்லை, அது வேறு.

அப்போதைய முறைப்படி அ, ஆ என்று வரிசையாக ஆரம்பிக்கக் கூடாது. படிக்க வந்தவளின் மனசுக்கு நெருக்கமான ஒரு பேரில் ஆரம்பிக்க வேண்டும். கல்யாணமான பெண்களுக்கு மனசுக்கு நெருக்கம் வீட்டுக்காரர்தான் என்று முடிவு செய்திருந்தார்கள். யாரைக் கேட்டு முடிவு செய்தார்களோ தெரியாது.

என் வீட்டுக்காரர் பேர் பாபு. சிவாஜிநகர் போய் மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். மீனும் வரவில்லை. நம் பக்கத்துப் பெண்கள் பொதுவாகப் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி, ரேஷன் ஆபீசில் சொல்லி, பார்த்தால் சொல்லுங்கள் என்று லாரி டிரைவர்களிடம் சொல்லி, கூச்சம் விட்டுப் போயிற்று. பெரிய டீச்சருக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடித்துவிட்டது. சின்னப் பேர், சுலபமான எழுத்து, பாடத்துக்கு வசதியாக இருக்கிறது என்றார். அந்த மனுஷனால் வசதி என்று ஒன்று வந்தது அதுதான்.

பயிற்சிக்கு வந்த ஒவ்வொருத்தியும் என்னை உட்காரவைத்து, வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்பாள். பாபு என்பேன். பலகையில் எழுதிக் காட்டுவாள், நானும் எழுதுவேன். எழுதியதும் அவள் கை தட்ட வேண்டும், பலகையைத் துடைக்க வேண்டும், அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். அதுதான் வரிசை. நான் டஸ்டரைக் கையை நீட்டி வாங்கிக்கொள்வேன். நானே துடைக்கிறேன் விடு கண்ணு என்பேன். மூலை வரைக்கும் துடைப்பேன். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

எத்தனையோ டீச்சர்கள் என்னிடம் பழகிப் போனார்கள். கத்திப் பேசுகிறவள் ஒருத்தி, எழுத்துத் தெரியாதென்றால் காதும் கேட்காது என்று நினைப்பு. என் கையைப் பிடித்து எழுதவைத்து, நான் எழுதிவிட்டதாக அழுதவள் ஒருத்தி. என்னோடு அடுத்த சொல்லைத் தொடுவதற்குள் பயிற்சி முடிந்துவிடும். அடுத்த கூட்டம் வரும், மறுபடி முதலில் இருந்து பாபு. அதனால் இத்தனை பேர் சேர்ந்தும் நான் பாபுவைத் தாண்டவில்லை. இன்றைக்கும் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் அதுதான். இந்தக் கன்னட ஊரில் ஏதாவது ஆட்டோ பின்னால் பாபு என்று தமிழில் எழுதியிருந்தால், உள்ளே ஓட்டுவது யார் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டைத் தாண்டுவேன்.

சரி, கஸ்தூரி கதைக்கு வருகிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதுதான்.

கஸ்தூரி ஒக்கலிபுரத்துப் பெண். கார்மெண்ட்ஸில் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள், அதை விட்டுவிட்டு நம்மிடம் வந்தாள். கல்யாணம் ஆகவில்லை. என்னிடம் பழகினபோது சாக்பீஸை அழுத்தி இரண்டாக உடைத்துவிட்டாள். நான் பாபு என்று பளிச்சென்று சொன்னேன், எழுதினேன், துடைத்தேன். பெரிய டீச்சர் "பர்ஃபெக்ட்" என்றார். கஸ்தூரிக்கு நீலசந்திரா மையம் கிடைத்தது.

அங்கே ஒரு இளைஞர் சங்கத்தின் அறையில் மத்தியான நேரத்தில் வகுப்பு. அப்போதுதான் சுண்ணாம்பு அடித்து, சுவர் பால் மாதிரி இருந்தது. புது மையம் என்றால் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டிவருவதும் என் வேலை. அதனால் முதல் நாள் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஊதுவத்தி உருட்டுகிறவர்கள். கஸ்தூரி முன் வரிசையில் இருந்த முனியம்மாவிடம் கேட்டாள்:

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னக்கா?"

முனியம்மா தரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சரோஜா என்று ஒருத்தி, அவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"இன்னா டீச்சரு, வந்ததும் வராததுமா இந்தக் கேள்வி கேக்கற? எங்கள வெச்சு சீரியலு எடுக்கப் போறியா?"

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். உதவியாக இருக்கட்டும் என்று நான் "பாபு" என்றேன். உதவவில்லை.

அந்தப் பெண் அப்போது செய்ததைக் கவனியுங்கள். அவள் திட்டவில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் நிற்கவில்லை. "சரி, நீங்க சொல்ல வேணாம். ஜாடை காட்டுங்க, நான் கண்டுபிடிக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான், அறை கலகலவென்று ஆகிவிட்டது.

"முருகனுக்கு எத்தினி மூஞ்சி?" என்றாள் முனியம்மா.

"ஆறு. ஆறுமுகமா?"

"நான் சொல்லல. நீதான் சொன்ன."

சரோஜா, "திருப்பதி மலை ஏறச்சொல்லோ இன்னான்னு கத்துவோம்?" என்றாள்.

"கோவிந்தாவா?"

"பேரு அதான். ஆளு அதுல பாதி கூட கெடையாது. பெயிண்டு அடிக்கப் போவான், பாதி பெயிண்டு சட்டைலதான் இருக்கும்."

கலா என்று நெட்டையாக ஒருத்தி, "நீ உக்காந்துகினு இருக்கியே இந்த சங்கம், அதுக்குத் தலைவரு யாரு?" என்றாள். வாசல் போர்டில் தனபால் என்று இருந்ததை கஸ்தூரி எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

இப்படி எல்லாப் பேரும் வெளியே வந்தன. வாயால் சொல்லாததைக் கையால் எழுத அவர்களுக்குத் தடையில்லை என்பது எனக்கே புதுச் சேதி. சில வாரங்கள் போயின. முதலில் முழுப் பேரையும் பார்க்காமல் எழுதியவள் முனியம்மா. ஆறுமுகம் என்று பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் எழுதினாள். பலகை போதாமல் கடைசி எழுத்து கொஞ்சம் மடங்கி உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினோம். கஸ்தூரியும் தட்டினாள், பயிற்சியில் பழகின வரிசைப்படியே டஸ்டரை எடுத்துத் துடைத்தாள். முனியம்மாவின் கை பாதி தூரம் எழுந்து அப்படியே நின்றது. நான் பார்த்தேன். எழுதி எழுதிக் கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஆறுமுகம் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். கட்டட வேலை. இடுப்பிலும் தலையிலும் அடி, நினைவு இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெருவே பேசியது.

மறுநாள் வகுப்புக்கு யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள் என்று கஸ்தூரி சொன்னாள். அதற்கு மறுநாளும் இல்லை. நான் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் தண்ணி வருகிறது என்றார்கள். ஒரு வீட்டில் விருந்தாளி. ஒரு வீட்டில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். நான் டி.வி.தான் காரணம் என்று நினைத்தேன், அப்போது மத்தியானம் ஒரு சீரியல் ரொம்ப நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் மையத்தைப் பார்க்க ஒரு ஆபீசர் வருவதாக இருந்தது. ஆள் இல்லாத மையத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மையம் போனால் டீச்சரும் போக வேண்டியதுதான். கார்மெண்ட்ஸில் கஸ்தூரியின் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. அவள் என்னோடு தெருத் தெருவாக வந்தாள். சரோஜா வீட்டு வாசலில்தான் விஷயம் வெளியே வந்தது.

"ஏன்க்கா யாருமே வரல?"

"கேக்க உனுக்கு வாய் வருதா? உசுரோட இருக்கற ஆம்பள பேர எழுத வெச்சு, எல்லார் முன்னாடியும் துணியால தொடச்சுப் போட்ட. சாயங்காலம் அந்த ஆளு கீய விழுந்துட்டான். அடுத்தது யாரு பேரத் தொடைக்கப் போற? எங்க ஆளு பேரா?"

கஸ்தூரி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன். நான் பாபுவைத் துடைத்த துடைப்புக்கு அவர் எத்தனை தடவை விழுந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை வெளியே சொல்லவில்லை.

பெரிய டீச்சரிடம் போனோம். கஸ்தூரி அழுது முடிக்கும் வரைக்கும் அவர் காத்திருந்தார். பிறகு, "நானும் எங்க வீட்டு சார் பேரை எங்கயாவது எழுதியிருந்தா, அது மேல மிதிக்க மாட்டேன்" என்றார். முறையை எழுதியவர் அவர்தான். "இத ஏன் யோசிக்கல நான்?" என்று என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்? நான் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

"இப்ப போய் அந்தம்மாகிட்ட என்ன சொல்லப் போற?" என்று கஸ்தூரியைக் கேட்டார்.

"தொடச்சதால விழல, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்வேன் மேடம்."

"சொன்னா அவங்க புருஷனுக்கு நினைவு வந்துருமா?"

கஸ்தூரி இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப சொல்றதுக்குப் போகாத. கேக்கறதுக்குப் போ."

ஆஸ்பத்திரி வராந்தாவில் முனியம்மா ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, நான் இப்ப என்ன செய்யணும்?" என்றாள். அடிக்கப் போகிறாளோ என்று நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

முனியம்மா கோபப்படவில்லை. கோபப்படக் கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"எழுதினது என் கை. தொடச்சது உன் கை. நீ வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும். ஆனா அந்த எடம் காலியா இருக்குது டீச்சரு. கண்ண மூடினா அந்தப் பலகதான் வருது. தொடைக்க முடியாத மாதிரி எழுதறதுக்கு இன்னா இருக்குது, சொல்லு."

பேர் பலகையில் இருப்பதற்கும் ஆள் கட்டிலில் இருப்பதற்கும் சம்பந்தம் உண்டு என்றோ, இல்லை என்றோ கஸ்தூரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயிண்ட் தேடிப் போனாள்.

பெயிண்ட் சரோஜா வீட்டில் இருந்தது. கோவிந்தன் யாருடைய கேட்டுக்கோ அடித்து மிச்சம் வைத்த பச்சை பெயிண்ட். சரோஜா முதலில் தர மாட்டேன் என்றாள். எதற்கென்று தெரிந்ததும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள். முனியம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தோம். பலகையில் பெயிண்ட் அடித்தால் அப்புறம் பாடம் எங்கே எழுதுவது? கஸ்தூரி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, புது சுண்ணாம்புச் சுவரைக் காட்டினாள். சங்கத்தைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முனியம்மா எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரம். ஒரு எழுத்திலிருந்து பெயிண்ட் வழிந்தது, சரோஜா விரலால் துடைக்கப் போய்ச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். எழுதி முடித்து, முனியம்மா இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனாள்.

சேதி எப்படிப் போயிற்றோ, அடுத்த மத்தியானம் அறை நிறைந்துவிட்டது. முனியம்மா வீட்டுக்காரருக்கு மட்டும்தான் சுவரா என்று எல்லோரும் கேட்டார்கள். கஸ்தூரி பிரஷ்ஷைக் கொடுத்தாள். பச்சை பெயிண்ட் தீரும் வரைக்கும் எழுதினார்கள். கலா நெட்டை, அதனால் எல்லோருக்கும் மேலே எழுதினாள்.

மறுநாள் சங்கத் தலைவர் வந்தார். வாசலிலேயே கத்த ஆரம்பித்தார்.

"யாரக் கேட்டு செவுத்துல கை வெச்சீங்க? இன்னா இது, எலெக்சனா? சுண்ணாம்பு காயறதுக்குள்ள..."

அண்ணாந்து பார்த்தார். உச்சியில் அவர் பேர், தனபால். கீழே கலா உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இவரைப் பார்க்கவில்லை. அவர் குரலை இறக்கினார். "ஃபேன் ஓடுதா பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அறையில் ஃபேன் கிடையாது. அதற்கப்புறம் வந்தது.

ஆபீசர் வந்த அன்று பெரிய டீச்சரும் கூட வந்தார். ஆபீசர் கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் படிப்பார். சுவரைப் பார்த்தார். "ஏன்ரீ இது? என்ன இது? டொனேஷன் குடுத்தவங்களா?" என்றார்.

"டொனேஷன் இல்ல சார், எங்க வீட்டுக்காரருங்க" என்றாள் சரோஜா.

அவர் சிரிக்கவில்லை. முனியம்மாவைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போகிறேன் என்று வந்திருந்தாள். சுவரைக் காட்டி, "இது நீங்க எழுதினதா? படிங்க" என்றார்.

முனியம்மா கஸ்தூரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதினீங்க, படிக்கத் தெரியாதா? கொத்தில்வா?"

முனியம்மா தரையைப் பார்த்தாள். அவர் அடுத்தவளைக் கூப்பிட்டார். அவளும் தரையைப் பார்த்தாள். "மேடம், இவங்க கோலம் மாதிரி பழகி வெச்சிருக்காங்க. இது படிப்பு இல்ல" என்று பெரிய டீச்சரிடம் சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார். பெரிய டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கஸ்தூரி எழுந்துவிட்டாள். கையில் இருந்த சாக்பீஸ் உடையவில்லை, நான் பார்த்தேன்.

"சார், அவங்கவங்க பேர அவங்கவங்க சொல்ல மாட்டாங்க. ஒருத்தர் வீட்டுக்காரர் பேர இன்னொருத்தர் படிப்பாங்க. நீங்களே காட்டுங்க சார், எத வேணா."

அவர் பேனாவால் ஏதோ ஒன்றைக் காட்டினார். சரோஜா எழுத்துக் கூட்டி, "ஆ... று... மு... கம்" என்றாள். இன்னொன்றைக் காட்டினார். முனியம்மா தலை நிமிர்ந்து, "த... ன... பாலு" என்றாள். கலா, "கோ... விந்தன்" என்று படித்துவிட்டு, "இவ புருஷந்தான் சார், பெயிண்டு குடுத்தவன்" என்று சேர்த்துச் சொன்னாள். சுவர் முழுக்கப் படித்து முடித்தார்கள். தன் வீட்டுக்காரர் பேரை மனப்பாடமாக வைத்திருப்பதை விட இது கஷ்டமான பரீட்சை என்று பெரிய டீச்சர் பிறகு சொன்னார். ஆபீசர் எழுதிக்கொண்டு கிளம்பினார். மையம் நீலசந்திராவிலேயே இருந்தது.

ஆறுமுகம் பிழைத்தார். நினைவு வந்தது எந்த நாள், பெயிண்ட் அடித்தது எந்த நாள் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் அதற்கு இரண்டு கட்சி இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாளில், கையில் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் எழுத்துத் தெரியாது.

"இதுல நான் எது?" என்றார்.

முனியம்மா வாயைத் திறக்கவில்லை. போய் விரலை வைத்தாள். அவர் கிட்டப் போய் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.

"எனக்கு மேல இருக்கறது யாரு?"

"தனபாலு."

"அவன் ஏன் எனக்கு மேல?"

"அவன் பொண்டாட்டி நெட்ட."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

கஸ்தூரி அந்த மையத்தை ரொம்ப நாள் நடத்தினாள். இப்போது உங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிறாளே, அவள்தான். துடைப்பதற்கு முன்னால் ஒரு தரம் திரும்பி, எழுதினவள் முகத்தைப் பாருங்கள் என்று அவள் சொல்கிறபோது நீங்கள் சிரித்தீர்கள். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த வருஷம் எனக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாமல் போய், இனிமேல் ஒத்திகைக்கு உட்கார வேண்டாம் என்றார்கள். கடைசி நாள் கஸ்தூரி ஒரு சின்ன பெயிண்ட் டப்பாவோடு வந்தாள். "அக்கா, உங்க பேர் இல்லாம ஆபீஸ் சுவர் என்ன சுவர்? உங்க பேரும் எழுதறேன், பாபு மாமா பேரும் எழுதறேன்" என்றாள்.

என் பேரை எழுதிக்கொள் என்றேன். கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது என் பேர் என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

"மாமா பேரு?" என்றாள்.

அவரைப் பலகையிலேயே எழுது, சாக்பீஸில் எழுது என்றேன். அவள் எழுதினாள். நான் டஸ்டருக்குக் கையை நீட்டினேன்.